பேத்தி மேடையேறப் போகிறாளா? முதன்முதலாகப் பயணம் கட்டும் அம்மம்மாமாருக்கு

என் ஊர் மண்டூர். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது. வாவியைத் தாண்டாமல் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போக வழியில்லாத ஊர். அங்கே இருந்துகொண்டே கடந்த மூன்று வருடத்தில் பேத்தியின் நடனப் போட்டிகளுக்காக மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் போய் வந்துவிட்டேன். கோயிலில் கண்டால் என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள், எப்படிப் போனீங்க, எங்க தங்கினீங்க, கால் வலிக்கல்லையா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் உப தபாலகத்தில் முப்பது வருடம் இருந்தவள். பஸ் வரும்போது தபால் பை கட்டி முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய தபால் நாளைக்குத்தான். இந்தப் பயணத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். போட்டி நாளில் உங்கள் மகளுக்கு இரண்டு கையும் பிள்ளைக்கே போதாது. ஒரு கையில் சடைநாகம், மறு கையில் ஊசி நூல், காதில் டீச்சரின் போன். அந்த நேரத்தில் "அம்மா எங்க நிக்கிறா, சாப்பிட்டாவா" என்ற கவலையும் அவள் தலையில் ஏறக்கூடாது. உங்கள் டிக்கெட், சாப்பாடு, மருந்து, தங்குமிடம் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள முடிந்தால் போங்கள். முடியாதென்றால் உங்கள் மகனையோ தங்கச்சியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாடசாலை பிடிக்கும் பஸ்ஸில் மட்டும் இடம் கேட்காதீர்கள். ஒரு பாட்டிக்கு இடம் கொடுத்தால் பத்துப் பாட்டிக்குக் கொடுக்க வேண்டிவரும், பிறகு உடுப்புப் பெட்டி எங்கே வைப்பது?

எந்தப் போட்டி, எந்தக் கட்டம்

பெரும்பாலும் நம் பிள்ளைகள் ஆடுவது தமிழ் மொழித் தினப் போட்டியில். பாடசாலை, கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக ஏறும். எங்கள் பேத்தியின் பாடசாலை பட்டிருப்பு வலயம். அம்பாறைப் பக்கம் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று வலயங்கள். கோட்டத்துக்கும் வலயத்துக்கும் பயணம் என்று ஒன்றும் இல்லை, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். மாவட்டத்தில் இருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. மாகாணமும் அகில இலங்கையும் எந்த ஊரில் என்பது வருடத்துக்கு வருடம் மாறலாம், போன முறை நடந்த இடத்தை நம்பி அறை பிடிக்க வேண்டாம்.

பேத்தி ஆடுவது தனி நடனமா, குழு நடனமா என்று கட்டாயம் கேளுங்கள். குழு என்றால் கிராமியமா, சாஸ்திரியமா என்றும் கேளுங்கள். ஒரே நாளில் பல போட்டிகள் ஓடும். சிலவேளை வெவ்வேறு மண்டபங்களில். "நடனம் எங்க?" என்று வாசலில் கேட்டால் ஒருவர் மேலே காட்டுவார், இன்னொருவர் பின்பக்கம் காட்டுவார். நான் திருகோணமலையில் இருபது நிமிடம் வேறு வயதுப் பிரிவை உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினார்கள், அது வேறு கதை.

திகதியை எழுத்தில் வாங்குங்கள்

பிள்ளை சொல்லும் திகதியை நம்பாதீர்கள். அவளுக்கு எல்லாமே "அடுத்த கிழமை"தான். பாடசாலைக்கு வந்த கடிதத்தில் உள்ள திகதி, இடம், பிரிவு மூன்றையும் மகளிடம் சொல்லிப் படமாக உங்கள் போனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் ஒருதரம், முதல் நாள் ஒருதரம் உறுதி செய்யுங்கள். என்னுடைய முதல் முறை, போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அந்தக் குழுவில் நான் இல்லை. விடியச் சேலை உடுத்து, பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஏறி, களுவாஞ்சிகுடிக்கு வந்து நிற்கும்போதுதான் மகள் போன் எடுக்கிறாள். மகள் அதுவரை நான் வீட்டில் நித்திரை என்று நினைத்திருக்கிறாள். ஆகவே குழுவில் உங்களைச் சேர்க்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம், உள்ளே போய்க் காலை வணக்கப் படம் போடாமல் இருந்தால் போதும்.

மேடையேறும் ஒழுங்கு குலுக்கலில் விழுவது. முதலாவதாகவும் வரலாம், பின்னேரம் நான்கு மணிக்கும் வரலாம். அதனால் "பத்து மணிக்குப் போனால் போதும்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

மட்டக்களப்பு நகர் வரை

எழுவான்கரைக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. கல்முனை மட்டக்களப்பு வீதியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ் கல்லடியைத் தாண்டித்தான் பாலத்தில் ஏறும். மண்டபம் கல்லடிப் பக்கம் என்றால் நகருக்குள் போய்த் திரும்பி ஆட்டோவுக்குக் காசு கொடுக்காமல், கொண்டக்டரிடம் முதலே சொல்லி அங்கேயே இறங்கிவிடுங்கள்.

படுவான்கரைக்காரருக்குத்தான் இரண்டு சொல் கூட வேண்டும். மண்டூரில் இருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வருபவர்கள், முதல் பாதை எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கேட்டு வைத்தால் போதாது, கடைசிப் பாதையையும் கேட்டு வையுங்கள். போட்டி முடியப் பொழுது படும். பாதையைத் தவறவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் ஏறி வெல்லாவெளி சுற்றித்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. ஊர் ஆட்டோக்காரத் தம்பி ஒருவரிடம் காலையிலேயே பேசி, "போன் எடுத்தா வருவீங்களா மனே" என்று கேட்டு வைத்துவிட்டுப் போகிறேன் நான். மாரி காலத்தில் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். கிட்டங்கிப் பக்கம் தண்ணீர் ஏறினால் கல்முனை வழியும் அடைபடும். நல்ல வேளையாகப் போட்டிகள் அநேகமாக மழைக்கு முன்னர் வருகின்றன, கச்சான் காற்று அடிக்கும் நாட்களில். வெயிலுக்குக் குடை, தொண்டைக்குத் தண்ணீர்.

ஆடி அமாவாசையை ஒட்டிப் போட்டி வந்தால் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போகும் சனத்தோடுதான் பஸ்ஸில் நிற்க வேண்டிவரும். பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள்.

திருகோணமலை என்றால்

மட்டக்களப்பில் இருந்து திருகோணமலைக்கு ரயிலில் போகலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். இரண்டு ஊர் ரயில் பாதையும் கல்லோயாவில்தான் பிரிகின்றன. மேற்கே அவ்வளவு தூரம் போய், இறங்கி, மாறி, மறுபடி கிழக்கே வர வேண்டும். பஸ்தான் சரி. ஏறும்போது "வாகரையாலயா போகுது?" என்று கேட்டு ஏறுங்கள். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கரையோரமாகப் போகும் வழி அது. மூன்றரை, நான்கு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் அந்த வழியில் ஆறும் களப்பும் குறுக்கிடும் இடமெல்லாம் பாதையில் இறங்கி ஏறினோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகுதான் அது பயணம் மாதிரி ஆனது.

வாழைச்சேனையில் பஸ் நின்றால் இறங்கி மலசலகூடம் போய்விட்டு வாருங்கள். பிறகு காடும் கடலும்தான். நம் வயதில் இது சின்ன விஷயமில்லை, நிறையப் பேர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் போய்த் தலை சுற்றி விழுகிறார்கள்.

போட்டி காலை எட்டு மணிக்கு என்றால் முதல் நாளே போய்விடுங்கள். விடியப் புறப்பட்டுப் போய்ச் சேரலாம் என்று உங்கள் மருமகன் சொல்வார். டயர் பஞ்சரானால் அவர் வந்து மாற்றப் போவதில்லை.

கொழும்பு

இங்கேதான் நிதானம் வேண்டும். உங்களுக்கு இரண்டு வழி: ரயில், இரவு பஸ்.

என் வாக்கு ரயிலுக்கு. எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, கால் வீங்காது. பகலில் போக உதயதேவி. இரவு ரயிலும் உண்டு, ஆனால் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வெள்ளத்தில் பாதை பழுதானால் அட்டவணையே தலைகீழாகும். ஆகவே ஒருவர் சொன்ன நேரத்தை நம்பாமல் மட்டக்களப்பு நிலையத்தில் கேளுங்கள். இருக்கையை ஒரு மாதம் முன்னதாகவே பதிவு செய்யலாம். போயா தினத்தோடு சனி ஞாயிறு ஒட்டி வந்தால் பதிவு திறந்த கையோடு முடிந்துவிடும். பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தன்று அந்த அட்டையே கையில் இருக்க வேண்டும். மகனுடைய இலக்கத்தில் எடுத்துவிட்டு நீங்கள் போய் உட்கார முடியாது. இரண்டாம் வகுப்புப் போதும்.

எட்டு, ஒன்பது மணித்தியாலப் பயணம் என்று சொல்வார்கள். அதற்கு மேலும் இரண்டு மணித்தியாலம் கையிருப்பு வையுங்கள். வெலிகந்தயில் இருந்து கல்லோயா தாண்டும்வரை யானை நடமாடும் காடு. 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அதற்குப் பிறகு அந்தத் துண்டில் இரவு ரயில்களின் வேகத்தையும் நேரத்தையும் மாற்றினார்கள். இருட்டில் வண்டி நின்றுவிட்டால் பதறாதீர்கள், யாரோ நான்கு காலில் கடக்கிறார்கள்.

அம்பாறைக் கரையோரக்காரருக்குக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கொழும்புக்கு நேரடி இரவு பஸ் இருக்கிறது. மட்டக்களப்புக்கு வந்து ரயில் பிடிப்பதைவிட அது சுகம் என்பார்கள், சரிதான். புக் பண்ணும்போது முன்பாதியில், டயருக்கு மேல் இல்லாத சீட்டாகக் கேளுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் இடுப்பில் எழுதப்படும். ஏ.சி. பஸ் என்றால் காதை மூட ஒரு துணி, காலுக்கு மேசு. சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் பஸ்ஸின் இலக்கத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு இறங்குங்கள். இரவில் எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

சிங்களம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். போக வேண்டிய மண்டபத்தின் பெயர், தங்குமிட முகவரி, மகளின் போன் இலக்கம் மூன்றையும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கள். எனக்கு அதை எழுதித் தந்தது பேரன். எழுதிவிட்டு அடியில் "இவர் என் அம்மம்மா" என்றும் சிங்களத்தில் எழுதியிருக்கிறான். கோட்டை நிலையத்தில் கடதாசியை வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ரயில் மேடை வரை வந்து காட்டிவிட்டுப் போனார்.

தங்குவதற்கு வெள்ளவத்தை. சொந்தக்காரர் இருப்பார்கள், இல்லாவிட்டால் தமிழ் பேசும் லொட்ஜ்கள் இருக்கின்றன. கோட்டையில் இருந்து கரையோர ரயிலிலும் போகலாம், காலி வீதியால் போகும் 100, 101 இலக்க பஸ்களிலும் போகலாம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் போட்டி நாளைக்கு விடிய நான்கு மணிக்கு எழும்புவீர்கள் என்பதை முதலே சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டு நாய்க்கும் சேர்த்து.

பையில் என்ன

முதலில் மருந்து. சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் போகும் நாட்களுக்கு மட்டும் எண்ணி எடுக்காமல் மூன்று நாள் கூட எடுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள், வெளியூர் வைத்தியசாலையில் உங்கள் கதையை அதுதான் சொல்லும். மருந்தைப் பெரிய பையில் போட்டுப் பஸ்ஸின் அடியில் கொடுத்துவிடாதீர்கள், இடுப்புப் பையில் வையுங்கள். அவசரம் என்றால் 1990. இலவச அம்புலன்ஸ். முதியோர் அடையாள அட்டை எடுக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் எடுத்து வையுங்கள், வரிசையில் நிற்கும்போது உதவும்.

சாப்பாட்டுக்குப் பணிஸ், பிஸ்கட், வாழைப்பழம், கச்சான் (நிலக்கடலை). பிட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போக ஆசை வரும். கச்சான் காற்றுக் காலத்தில் வாழைச்சேனை தாண்டும்போதே அது ஒரு மாதிரி ஆகிவிடும்.

தயிரும் வேண்டாம். வெள்ளவத்தையில் உள்ள மச்சாள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று மட்டக்களப்பில் ஒரு சட்டித் தயிர் வாங்கினேன். மூடிக் கட்டிய கடதாசி நன்றாகத்தான் இருந்தது. மனம்பிட்டியில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. மடியில் பாதித் தயிர். மாற்றுச் சேலை மேல் தட்டில், பையின் அடியில். பொலன்னறுவை வரை என் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இப்போது பனங்கட்டி கொண்டுபோகிறேன்.

இனி, மகளுக்கு உதவும் சாமான்கள். நடனக் குழுவிடம் இது எல்லாம் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் எதுவும் கையில் அகப்படாது. சேப்டி பின் ஒரு தாள், கறுப்பு நூலும் கோர்த்து வைத்த ஊசியும், கொண்டை ஊசி, சின்னக் கத்தரிக்கோல், பழைய வெள்ளைத் துணி, தேங்காய் எண்ணெய் சின்னப் போத்தல், உறிஞ்சு குழல். உறிஞ்சு குழலைச் சொன்னால் சிரிக்கிறார்கள். உதட்டுக்குச் சாயம் போட்ட பிள்ளை போத்தலில் வாய் வைத்துக் குடிக்க முடியாது, விடிய நான்கரைக்கு ஒப்பனை போட்ட பிள்ளை பதினொரு மணி வரை காய்ந்துபோய் இருக்கும். கொழும்பில் என் குழல் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் போதவில்லை, அடுத்த முறை ஒரு பெட்டி வாங்குவேன்.

மண்டபத்துக்குள்

ஒப்பனை அறைக்குள் போகாதீர்கள். கூப்பிட்டால் போங்கள், கேட்டதைக் கொடுங்கள், வெளியே வந்துவிடுங்கள். "நெற்றிச்சுட்டி கோணலா இருக்கு புள்ள" என்று நீங்கள் சொல்லப்போவது டீச்சருக்கும் தெரியும்.

இப்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் வருடம், மாவட்டப் போட்டி. அருவிவெட்டு (நெல் அறுவடை) நடனம். வெள்ளித்தாள் சுற்றிய மட்டைத் தாக்கத்தியோடு பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். நான் மூன்றாவது வரிசையில் நடுவில். பேத்தி முகம் தெரிந்ததும் என்னை அறியாமல் கை தூக்கிவிட்டேன். அவள் என்னைக் கண்டுவிட்டாள். கண் என் மேலே நின்றது, சிரித்தாள், மற்றப் பிள்ளைகள் இடப்பக்கம் திரும்ப, இவள் அரைத் தாளம் பிந்தித் திரும்பினாள். குழுவுக்கு இரண்டாமிடம். அந்த அரைத் தாளத்தால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. ஆனால் மண்டூர் வரும்வரை பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் பின்பாதியில், ஓரத்தில், விளக்கு விழாத இடத்தில் உட்காருகிறேன். வருகிறேன் என்று பேத்தியிடம் சொல்வேன், எங்கே இருப்பேன் என்று சொல்லமாட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவேன். கை மடியில்.

போனில் படம் எடுக்கலாமா என்று அறிவிப்பாளர் சொல்லும்வரை பொறுங்கள். எடுக்கலாம் என்றால் பிளாஷை நிறுத்துங்கள், ஒலியை அடக்குங்கள். உண்மையைச் சொன்னால் எடுக்க வேண்டியதே இல்லை, நாற்பது தாய்மார் எடுப்பார்கள், அன்றிரவே வாட்ஸ்அப்பில் வரும். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். கூத்துக்களரியில் விடிய விடியக் குந்தி இருந்து வடமோடியும் தென்மோடியும் பார்த்த சனம் நாங்கள். இங்கே இருப்பது சில நிமிடம், அதையும் சின்னத் திரையில் பார்ப்பானேன்?

மற்றப் பாடசாலைகளின் ஆட்டத்தையும் பாருங்கள், கைதட்டுங்கள். பக்கத்தில் இருப்பதும் ஒரு அம்மம்மாதான். திருகோணமலையில் ஒரு பாடசாலை வசந்தன் என்ற கோலாட்டம் ஆடியது. கோல் அடிக்கும் கணக்கு எங்கள் ஊர் ஆட்டம் மாதிரியே இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்த தம்பிலுவில் அம்மாவிடம் சொன்னேன். "எங்கட ஊர் ஆட்டம் அது" என்றார் அவர். மதியம் வரை அதே வழக்கு, கடைசியில் என் கச்சானை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

நடுவரைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் பின்னால் இருப்பது அவருடைய அக்காவாக இருக்கும்.

முடிவு வந்த பிறகு

முடிவு சொல்ல நேரமாகும், திரும்பும் டிக்கெட்டை அன்றிரவுக்கு எடுக்காதீர்கள். அடுத்த நாளைக்கு எடுங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிள்ளை முதலில் தேடுவது தாயை. நீங்கள் இரண்டாவதாகப் போங்கள், வாயில் விமர்சனம் இல்லாமல், கையில் சாப்பாட்டோடு. விடியத் தொட்டு ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளை அது. கண்ணூறு கழிப்பதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம், அந்த வாசலில் மிளகாய் எரிக்க விடமாட்டார்கள்.

ஒப்பனை கழுவச் சவர்க்காரம் போட விடாதீர்கள், கண் எரியும். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு நெற்றியில் இருந்து கீழே துடையுங்கள். அந்தப் பழைய வெள்ளைத் துணி இதற்குத்தான். பிறகு அவள் காலை உங்கள் மடியில் தூக்கி வைத்துச் சலங்கையை அவிழ்த்து, வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றி, தனிப் பையில் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் தோல் வார் நாறும், மணிகள் கறுக்கும். பை யாரிடம் இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பஸ் ஏறிய பிறகு எல்லாரும் இறங்கித் தேடுவார்கள்.